ஆபரேஷன் ஆகி 12 நாள்: குழந்தையைப் பார்க்க ஊரே வருகிறது, தையலைப் பார்க்க ஆள் இல்லை

வைகைப்பொண்ணு | செவ்வாய், அதிகாலை 2:40

பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள். எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பிரசவம். வலி எடுத்து 14 மணி நேரம் கழித்து, குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது என்று சொல்லி அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். தனியார் ஆஸ்பத்திரி. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன், மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

டிஸ்சார்ஜ் சம்மரி மூன்று பக்கம். குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி, எந்தத் தேதி என்று அட்டவணையே போட்டிருக்கிறது. எனக்கு நாலு மாத்திரையின் பெயர், கீழே 'ஆறு வாரம் கழித்து வரவும்'. நடுவில் ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது.

தையலின் வலது ஓரத்தில் ஒரு பட்டாணி அளவு இடம் இரண்டு நாளாக ஈரமாகவே இருக்கிறது. நைட்டியில் லேசாக மஞ்சள் கறை படிகிறது. குனிந்தால் வயிறு மறைக்கிறது, எனக்கே சரியாகத் தெரியவில்லை. அம்மா பார்த்துவிட்டு, "தண்ணி கோத்திருக்கு, தண்ணியக் குறை" என்கிறார். ஏற்கெனவே நாளுக்கு நாலு டம்ளர் வெந்நீர்தான். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டுகிறார். அதற்குள் வியர்த்து அரிக்கிறது. மலம் கழித்து நாலு நாள் ஆகிறது. முக்கினால் தையல் பிரிந்துவிடுமோ என்று பயம்.

கிராம சுகாதார செவிலியர் ஒரு தடவை வந்தார். நல்ல மனுஷி. குழந்தையை எடை போட்டார், தொப்புளைப் பார்த்தார், பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பப் பதிவு எண்ணை, எழுதிக்கொண்டார், கிளம்பிவிட்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். செவிலியர் கேட்டிருந்தாலும் அவர் முன்னால் எதைத் தூக்கிக் காட்டியிருப்பேன்?

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "சுகப்பிரசவமா?" இல்லை என்றால் முகம் ஒரு மாதிரி ஆகிறது. மாமியார் நேற்று, "இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாம்" என்று யாருக்கோ பொதுவாகச் சொல்கிற மாதிரி சொன்னார். சாயங்காலம் ஆனால் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது.

இதெல்லாம் வழக்கம்தானா? ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா, இல்லை நான்தான் பெரிதாக்குகிறேனா?

ரெண்டுதையல் | செவ்வாய், அதிகாலை 3:12

நானும் முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன், என் சின்னவனுக்குப் பல் முளைக்கிறது. நீங்கள் எதையும் பெரிதாக்கவில்லை. முதல் வேலை, மொபைலைக் கீழே பிடித்துத் தையலை ஒரு போட்டோ எடுங்கள். தினமும் ஒரே வெளிச்சத்தில் ஒன்று. எனக்கு முதல் பிரசவத்தில் இப்படித்தான் தெரிந்தது. எல்லாரும் "ஒண்ணுமில்ல" என்றார்கள், மூன்று போட்டோவை வரிசையாக வைத்துப் பார்த்தால் சிவப்பு ஏறிக்கொண்டே போயிருந்தது.

லேபர்வார்டு அக்கா | செவ்வாய், காலை 6:05

நைட் ட்யூட்டி முடித்துப் பஸ்ஸில் இருக்கிறேன். 22 வருஷமாக அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் செவிலியர். டாக்டர் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தங்கச்சி, தையலில் ஈரம் என்றால் இன்றைக்கே காட்டுங்கள். நாளைக்கு வேண்டாம். பயமுறுத்தவில்லை. தோலுக்கு அடியில் நீர் கோத்து வடிவதும் உண்டு, கிருமி தொற்றுவதும் உண்டு. ஒரே ஊரில் இருந்தாலும் போட்டோவை வைத்து நான் பிரித்துச் சொல்ல முடியாது, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் பார்த்தால் டிரெஸ்ஸிங்கோடு முடியும். விட்டுவிட்டால் மறுபடி தையல் போடும்படி ஆகும். ஆபரேஷன் செய்த இடம் தூரம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 'ஆறு வாரம் கழித்து' என்று எழுதியிருப்பதால் அதற்கு முன் வரக்கூடாது என்று அர்த்தமில்லை. இதை நினைத்துக்கொண்டே வீட்டில் கிடந்தவர்களை எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், நாற்றத்தோடு தீட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைவது, ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்காலில் வலி, மூச்சு வாங்குவது, கண் மங்கும் தலைவலி. இதில் ஒன்று இருந்தாலும் பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள், 108க்குப் போன் செய்யுங்கள். உட்கார்ந்தால் வலித்துப் படுத்தால் போய்விடும் தலைவலி பெரும்பாலும் முதுகில் போட்ட மயக்க ஊசியால் வருவது. அதற்கும் மருத்துவம் உண்டு, சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். குடிக்கிற தண்ணீர் தையலுக்குப் போகாது அம்மா! குறைத்தால் மலம் இறுகும், மூத்திரம் எரியும், பால் கொடுக்கிற உடம்பு வாடும். தாகத்துக்குத் தாராளமாகக் குடியுங்கள். கீரை, பழம், பப்பாளி எல்லாம் சாப்பிடலாம். நாலு நாள் ஆகிவிட்டதால் இன்று போகும்போது மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள். பாத்ரூமில் ஒரு சின்னத் துண்டை மடித்துத் தையல் மேல் வைத்துக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள், கால் இரண்டையும் ஒரு மணை மேல் தூக்கி வையுங்கள். தையல் பிரியாது. இருமும்போதும் இதே மாதிரி ஒரு தலையணை.

வேட்டிக் கட்டு: அசையும்போது வலிக்கு இதமாக இருக்கிறது என்றால் அகலமாக, தளர்வாக, சும்மா தாங்குகிற மாதிரி கட்டலாம். வயிறு உள்ளே போகும் என்று இறுக்கக் கூடாது. ஈரமாக இருக்கிற தையல் மேல் இப்போதைக்கு எதுவுமே வேண்டாம். குளித்துவிட்டுத் துடைக்காமல் ஒத்தி எடுத்து, ஐந்து நிமிஷம் மின்விசிறிக் காற்றில் காய விடுங்கள். மஞ்சள், எண்ணெய், பவுடர் ஒன்றும் வேண்டாம்.

சாயங்கால அழுகை முதல் இரண்டு வாரத்துக்குள் நிறையப் பேருக்கு வந்து தானே போய்விடும். உங்களுக்கு அந்தக் கெடு நெருங்குகிறது. தாண்டியும் தொடர்ந்தால், குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வராவிட்டால், செத்துவிடலாம் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிடுவேன் என்றோ நினைப்பு வந்தால் அதுவும் காய்ச்சல் மாதிரி ஒரு நோய்க்குறிதான். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

ஸ்டாப் வந்துவிட்டது. போய்விட்டு வந்து சொல்லுங்கள்.

பூண்டுக்குழம்பு | செவ்வாய், காலை 9:30

எனக்கு 66 வயசு. மூன்று பெற்றேன், மூன்றும் வீட்டில், மருத்துவச்சி கையால். என் மகளுக்கும் மருமகளுக்கும் ஆபரேஷன். பத்தியத்தை எல்லாம் இப்படி ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் லேகியமும் யார் உடம்பைக் கெடுத்தது? தயிர், பழம், தண்ணீரைக் கண்டபடி கொடுத்தால் ஜன்னி வரும் என்று எங்கள் காலத்தில் பயப்படுவார்கள். என் சின்னம்மா ஜன்னி கண்டுதான் செத்தார், பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள். பார்த்தவள் சொல்கிறேன்.

லேபர்வார்டு அக்கா | செவ்வாய், பகல் 1:40

தூங்கி எழுந்தேன். அம்மா, சுறாப்புட்டைத் தள்ளவே இல்லை, எனக்கே என் அம்மா செய்து போட்டதுதான். மீன், முட்டை, பூண்டு எல்லாம் போகட்டும், அதோடு தண்ணீரும் பழமும் போகட்டும் என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் சின்னம்மா கதை மனசைப் பிசைகிறது. அந்த ஜன்னி பெரும்பாலும் கர்ப்பப்பையில் கிருமி ஏறி வந்த காய்ச்சல்தான். தயிர் அல்ல, கழுவாத கை. வியன்னாவில் ஒரே ஆஸ்பத்திரிக்குள் இரண்டு பிரசவப் பிரிவு இருந்தன. ஒன்றில் டாக்டர் மாணவர்கள், இன்னொன்றில் மருத்துவச்சிகள். மாணவர்கள் பிரிவில்தான் சாவு மிக அதிகம், பெண்கள் அங்கே சேர்க்காதீர்கள் என்று கெஞ்சுவார்களாம். பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்ததுதான் காரணம் என்று 1847இல் செம்மல்வைஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்து, குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார், சாவு மளமளவென்று இறங்கியது. பயம் நியாயமானது, பழி மட்டும் தயிர் மேல் விழுந்துவிட்டது.

கேள்விக்குறி | செவ்வாய், மாலை 4:20

தையலைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தத் தையல் தேவைதானா என்று யாரும் கேட்கவில்லையே? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன். தனியாரில் 63.8. இந்தியா முழுக்கப் பார்த்தால் 21.5தான். இதற்கு முந்தைய ஆய்வில் நாம் 34.1. ஐந்து வருஷத்தில் நம் ஊர்ப் பெண்களின் இடுப்பெலும்பு சுருங்கிவிட்டதா? காசு பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

ரெண்டுதையல் | செவ்வாய், மாலை 4:41

எண்கள் சரியாக இருக்கலாம். ஆனால் 12ஆம் நாள் தையல் வடிகிறது என்று ஒரு பெண் கேட்கிற இடத்தில் வந்து "அது தேவைதானா" என்றால், அவர் மாமியார் சொன்னதைத்தான் நீங்கள் புள்ளிவிவரத்தோடு சொல்கிறீர்கள். துடிப்பு இறங்கிய குழந்தை இப்போது பக்கத்தில் தூங்குகிறது.

அரசு ஆஸ்பத்திரியிலும் அதே ஆய்வில் நூற்றுக்கு 36 என்று இருக்கும், அதையும் எழுதியிருக்கலாம். அங்கே யாருக்குக் காசு? முதலில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு மறுபடியும் ஆபரேஷன், கேஸ் போடுவார்களோ என்ற பயம், பொறுமையாகப் பக்கத்தில் நிற்க ஆள் இல்லாதது என்று பல விஷயம் உண்டு.

எனக்கும் கோபம் உண்டு, ஆனால் வேறு இடத்தில். என் இரண்டாவது ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து வயிற்று வலி என்று ஸ்கேன் எடுத்தேன். "காப்பர் டி சரியான இடத்துலதான் இருக்கு" என்றார் ஸ்கேன் எடுத்தவர். எந்தக் காப்பர் டி? கருத்தடைக்குக் கர்ப்பப்பையில் வைக்கிற அதை நான் கேட்கவே இல்லையே. தியேட்டருக்குள் போகும்போது என் கணவரிடம் வாங்கிய கையெழுத்துக் கட்டில் அதுவும் இருந்ததாம். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். காப்பர் டி நல்லதாகவே இருக்கட்டும், என் வயிற்றுக்குள் இருப்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நமக்கு என்ன வேண்டும் என்று பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கேள்விக்குறி | செவ்வாய், மாலை 5:03

சரி, கேட்ட இடம் தப்புதான். மன்னிக்கவும், வைகைப்பொண்ணு.

கொக்குவில்காரி | செவ்வாய், இரவு 11:15

நான் லண்டனில், குரோய்டன் பக்கம். இங்கே எனக்கு 2021இல் சிசேரியன். வீட்டுக்கு வந்த மறுநாளே மிட்வைஃப் வாசலில் நின்றா. அஞ்சாம் நாள் குழந்தையின் குதியில் குத்தி ரத்தம் எடுக்க வந்தவ, என்னையும் படுக்க வைத்துத் தையலைப் பார்த்தா. பத்தாம் நாளோடு அவவின் வேலை முடிந்து, ஹெல்த் விசிட்டர் என்று வேறொருத்தி வரத் தொடங்கினா. எனக்கு எடை கூட என்றபடியால் ரத்தம் கட்டாமல் இருக்கப் பத்து நாள் ஊசி தந்து விட்டார்கள், தினமும் பின்னேரம் என்ர மனுசன்தான் கை நடுங்க நடுங்கப் போட்டு விட்டார். ஊசிகளைப் போட ஒரு மஞ்சள் பெட்டி.

ஒரேயடியாகப் புகழவும் மாட்டேன். ஆஸ்பத்திரியில் முதல் இரவு மனுசனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கால் இன்னும் மரத்துப்போய்க் கிடக்கு, மூத்திரக் குழாய் மாட்டியிருக்கு, பிள்ளை கண்ணாடித் தொட்டிலில் கத்துகிறான், எனக்கும் தொட்டிலுக்கும் இடையில் ஒரு முழம்தான். எட்டவில்லை. மணியை அமத்திப்போட்டு இருபது நிமிசம் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஊரில் என்றால் அம்மா அந்தக் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருப்பா.

ஆனால் வீட்டுக்கு வந்த அந்த மிட்வைஃப் கேட்ட முதல் கேள்வி பிள்ளையைப் பற்றி இல்லை. "நேற்று இரவு எத்தனை மணித்தியாலம் படுத்தனீங்கள்?" என்கிற மாதிரிக் கேட்டா. நான் விக்கி விக்கி அழுதேன். அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் தையலைப் பார்த்தா, அதுவும் ஞாபகம் இருக்கு.

பணக்கார நாட்டுக் கதை என்று நினைக்காதேங்கோ. இலங்கையிலும் இது கனகாலமாக இருக்கு. என்ர தங்கச்சி வவுனியாவில். அவவுக்கும் சிசேரியன். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மருத்துவிச்சி முதல் பத்து நாளுக்குள்ளேயே ரெண்டு தரம் ஸ்கூட்டியில் வந்தா, பிறகும் வந்தா. கிளினிக் கொப்பியில் தாய்க்கென்றே தனிப் பக்கம் இருக்கு. தையல், மார்பு, கர்ப்பப்பை இறங்கியிருக்கா, மனநிலை எப்படி என்று நிரப்பவேணும். பிள்ளை பெற்றவளுக்கென்று அம்மா காய்ச்சிய சரக்குத்தண்ணியையும் குடித்துப் பார்த்துவிட்டுப் போனாவாம்.

லேபர்வார்டு அக்கா | புதன், காலை 7:20

கொக்குவில்காரி, அந்தத் 'தனிப் பக்கம்' என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஊரிலும் வீட்டுக்கு வர ஏற்பாடு இல்லாமல் இல்லை. 3, 7, 14, 21, 28, 42 என்று ஆறு நாள் கணக்கு வைத்து வீடு தேடிப் போக வேண்டும் என்று தேசியத் திட்டமே இருக்கிறது. ஆனால் திட்டத்தின் பெயரே பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு. படிவத்தில் குழந்தைக்கு நிறையக் கட்டம், தாய்க்குக் கொஞ்சம். துணை சுகாதார நிலையம் ஒன்றுக்கு 5,000 பேர் என்பது சமவெளிக் கணக்கு. அங்கே இருக்கிற அந்த ஒரு செவிலியர்தான் தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, குடும்பக் கட்டுப்பாடு, காய்ச்சல் கணக்கு, இதற்கெல்லாம் மேல் ஆன்லைன் பதிவு என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் "தையலைக் காட்டும்மா" என்று கேட்க ஒரு நிமிஷம்தான் ஆகும். சித்தப்பாவைப் பேப்பரோடு திண்ணைக்கு அனுப்ப இன்னொரு நிமிஷம்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது, ஆஸ்பத்திரியில் முதல் 24 மணி நேரம் பார்த்தது போக, இரண்டு மூன்று நாளில் ஒரு தடவை, ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு தடவை, ஆறாம் வாரம் ஒரு தடவை தாயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று. வைகைப்பொண்ணுக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்தது கடைசி ஒன்று மட்டும்.

என் வார்டையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் ஆனவர்களிடம் நாங்கள் கேட்கிற கேள்வி இரண்டுதான். "காத்து பிரிஞ்சுதா?", "பால் குடுத்தியா?" நானும் 22 வருஷமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முப்பது கட்டில், ராத்திரி இரண்டு பேர். வலிக்கிறதா என்று கேட்டால் வலிக்கிறது என்பார்கள், அப்புறம் ஏதாவது செய்ய வேண்டும். அதனாலேயே கேட்காமல் போன ராத்திரிகள் உண்டு. ஒரு பெண் விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுத்தாள், காலையில் ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்டபோதுதான் தெரிந்தது, எழுதியிருந்த ராத்திரி மருந்தை யாருமே போடவில்லை. அந்த யாரும் நான்தான்.

அப்பாவும்தான் | புதன், காலை 10:10

ஆண்கள் எழுதலாமா? மனைவிக்குச் சிசேரியன் ஆகி ஏழு மாதம். எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்றைச் சொல்கிறேன். எழுந்து உட்காருவது எவ்வளவு பெரிய வேலை என்பது. மல்லாந்து படுத்திருந்தவளை இரண்டு கையையும் பிடித்துத் தூக்குவேன், அவள் கத்துவாள், எனக்குக் கோபம் வரும். ஒரு நர்ஸ்தான் காட்டிக் கொடுத்தார். முழங்காலை மடக்கி ஒருக்களித்துத் திரும்பு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடு, முழங்கையை ஊன்றி எழு. நான் செய்ய வேண்டியது முதுகுக்குப் பின்னால் கை வைப்பது மட்டும். இதைச் சொல்லித்தர மொத்தமே ஒரு நிமிஷம்தான் ஆனது.

பால் கொடுக்க, குழந்தையை வயிற்றின் குறுக்கே போடாமல் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிற மாதிரி பக்கவாட்டில் தலையணை மேல் வைத்தால் தையலில் உதை விழாது. இதுவும் அவர் சொன்னதுதான்.

வைகைப்பொண்ணு | வியாழன், அதிகாலை 1:55

எல்லாருக்கும் நன்றி என்று சொன்னால் போதாது. நேற்று முன்தினமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டர் அம்மா திரையை இழுத்துவிட்டுத் தையல் ஓரத்தை மெதுவாக அழுத்தினார், ஒரு ஸ்பூன் அளவு கலங்கிய நீர் வந்தது. மேல் தோலில் மட்டும் தொற்று, உள்ளே நன்றாக இருக்கிறது என்றார். மாத்திரை எழுதி, மலமிளக்கியும் கொடுத்து, தினமும் டிரெஸ்ஸிங்குக்கு வரச் சொன்னார். வேட்டியைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "இதை மடிச்சு பாப்பாவுக்குத் தொட்டில் கட்டுங்க" என்றார். அம்மாவுக்குக் கொஞ்சம் கோபம், ஆனால் கட்டிவிட்டார்.

அடுத்த குழந்தைக்கும் ஆபரேஷன்தானா என்று கேட்டேன், மாமியார் கேட்கச் சொன்னார். அப்படி ஒன்றும் கட்டாயம் இல்லையாம். முதலில் ஆபரேஷன் ஆனவர்கள் முயன்றால் நாலில் மூன்று பேருக்குக் கிட்டத்தட்ட சாதாரணப் பிரசவமே ஆகிறது, ஆனால் கர்ப்பப்பையின் பழைய தையல் விட்டுப்போகிற ஆபத்து இருநூறில் ஒருவருக்கு உண்டு, அதனால் எந்நேரமும் தியேட்டரும் ரத்தமும் இருக்கிற இடத்தில்தான் முயல வேண்டும், கருத்தரிக்கவே ஒன்றரை வருஷமாவது விட வேண்டும் என்றார். இப்போதைக்கு இந்தப் பேச்சே வேண்டாம் என்று இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் செவிலியர் அக்கா தானாகவே வந்தார். நிலையத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள் போல. "அன்னைக்கே கேட்டிருக்கணும்" என்றார். நான் "அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றேன். சித்தப்பாவை அம்மாவே கடைக்கு அனுப்பிவிட்டார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு செம்புத் தண்ணீர் இருக்கிறது. அம்மா வைத்தது. ஆறவைத்த வெந்நீர்தான்.

பூண்டுக்குழம்பு | வியாழன், காலை 8:00

ஆறவைத்த வெந்நீர் நல்லதுதான். அதில் கொஞ்சம் சீரகம் போடச் சொல்லு கண்ணு.

லேபர்வார்டு அக்கா | வியாழன், காலை 8:25

சந்தோஷம். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே, ஆறாம் வாரம் மறக்காதே. எல்லாம் எழுதினாய், முக்கியமானதை எழுதவில்லையே. போனதா இல்லையா?

வைகைப்பொண்ணு | வியாழன், காலை 8:31

போனது அக்கா. துண்டை மடித்து, காலை மணை மேல் வைத்து. அம்மா வெளியில் நின்றுகொண்டு மூன்று தடவை "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டார்.